உலக சபைக்குத் தலைமை வகித்த கர்நூல் தமிழர்

சர் ஆற்காடு ராமசாமி முதலியாரின் வாழ்க்கை

திருப்பதிக்கு அடுத்த ரேணிகுண்டா ஜங்ஷனிலிருந்து கடப்பை வழியாக வடமேற்கே செல்லும் ரயில் பாதையில் போய், துரோணாசலம் வழியாகத் திரும்பினால் கர்நூலை அடையலாம். துங்கபத்திரை நதிக்கரையில் அமைந்த ஊர் அது. 1953 முதல் 1956 வரை ஆந்திர ராஜ்யத்தின் தலைநகராக இருந்த பெருமை அதற்கு உண்டு. இன்னொரு பெருமையும் உண்டு. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொருளாதார, சமூக சபைக்கு முதன் முதலாகத் தலைமை வகித்தவர் அந்த ஊரில் பிறந்த ஒரு தமிழர். அவர்தான் சர் ஆற்காடு ராமசாமி முதலியார்.

வக்கீலாகத் தொழில் தொடங்கி, பத்திரிகாசிரியராகவும், நகரசபைத் தலைவராகவும், திவானாகவும், ராஜதந்திரியாகவும் விளங்கிய அவர், 88 வயது வரை வாழ்ந்தவர். அவருடைய வாழ்க்கையில் புகழும் உண்டு, தோல்வியும் உண்டு, கடுமையான கண்டனமும் உண்டு. இவை அனைத்திலும் அவரோடு இணைத்தே பேசப்பட வேண்டியவர் அவருடைய இரட்டைச் சகோதரர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார்.

ராமனும் லட்சுமணனும்

1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. மூத்த குழந்தைக்கு ராமசாமி என்றும் இளைய குழந்தைக்கு லட்சுமணசாமி என்றும் பெயரிட்டனர். அக்காலத்தில் கர்நூல் ஜில்லா சென்னை ராஜதானியில் அடங்கியிருந்தது. வீட்டில் தமிழ், ஊரில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்ற சூழ்நிலையில் இருவரும் வளர்ந்தனர்.

இருவரும் கர்நூல் முனிசிபல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்கள். பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். அப்போது அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதற்குப் பிறகே இருவரின் பாதைகளும் பிரிந்தன. மூத்தவர் சட்டம் படித்தார். இளையவர் வைத்தியம் படித்தார். ஒருவர் வக்கீலானார், மற்றவர் டாக்டரானார். பாதைகள் பிரிந்தனவே தவிர, பாசம் பிரியவில்லை. உலக அரங்கிலேயே இந்தப் பாதைகள் மீண்டும் சந்தித்ததைப் பின்னால் காண்போம்.

காளஹஸ்தியிலிருந்து வந்த தலைவர்

வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்த ராமசாமி முதலியாரைப் பொது வாழ்வுக்கு இழுத்தது நீதிக்கட்சி. சர்க்கார் உத்தியோகங்களிலும் சட்டசபையிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அக்கட்சியின் கோரிக்கை. 1919இல் இந்தியாவுக்கான சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் இந்தக் கோரிக்கையை எடுத்துரைக்க ஒரு தூதுக்குழு லண்டனுக்குச் சென்றது. டாக்டர் டி.எம். நாயர், கே.வி. ரெட்டி நாயுடு ஆகியோருடன் ராமசாமி முதலியாரும் சென்றார். அப்போது அவருக்கு வயது 31. அங்கே ஒரு பேரிடி விழுந்தது. குழுவின் தூணாக விளங்கிய டாக்டர் நாயர் ஜூலை 17ஆம் தேதி லண்டனிலேயே காலமானார். மிஞ்சியவர்கள் காரியத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் தன் தரப்புக்காக வழக்காடும் தொழிலில் முதலியார் பெற்ற முதல் பாடம் அது.

1920இல் அவர் சென்னை சட்டசபைக்குச் சென்றார். அப்போது நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராக இருந்தவர் பனகல் ராஜா. திருப்பதிக்கு அருகிலுள்ள காளஹஸ்தியில் பிறந்தவர். 1921 முதல் 1926 வரை சென்னை ராஜதானியின் முதன் மந்திரியாக இருந்தவர். கோயில் சொத்துக்களின் வரவு செலவைக் கண்காணிக்கும் இந்து அறநிலையச் சட்டம் அவருடைய ஆட்சியில்தான் உருவாயிற்று. பின்னர் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்திலேயே 1932இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கென்று தனிச் சட்டம் வந்து, மகந்துக்களின் நிர்வாகம் முடிவுக்கு வந்தது. பனகல் ராஜாவின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்களில் ராமசாமி முதலியாரும் ஒருவர். கட்சியின் ஆங்கிலப் பத்திரிகையான 'ஜஸ்டிஸ்' ஏட்டுக்கு அவர் ஆசிரியரானார். 1928 முதல் 1930 வரை சென்னை நகரசபையின் தலைவராகவும் பணியாற்றினார். லண்டனில் நடந்த வட்டமேஜை மகாநாட்டுக்கும் சென்று வந்தார்.

தேர்தல் தோல்வி

பேச்சுத் திறமை ஒன்றே ஜனங்களின் ஓட்டைத் தேடித் தந்துவிடாது. 1934இல் மத்திய சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் அவரை எதிர்த்து நின்றவர் காங்கிரஸின் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் வக்கீல், அவரும் பெரும் பேச்சாளர். நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய நேரம். முதலியார் தோற்றார்.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கை வேறு திசையில் சென்றது. ஓட்டுப் பெட்டி வழியாக அல்லாமல் நியமனப் பதவிகள் வழியாக அவர் உயர்ந்தார். லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசனை சபையில் இருந்தார். 1939இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் வர்த்தக இலாகா உறுப்பினரானார். அந்தப் பதவியில் அவர் செய்த காரியங்களில் ஒன்று நாட்டுக்கு நிலையான பலனைத் தந்தது. யுத்தத்தால் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டு, வெளிநாட்டுச் சரக்குகள் வராமல் போன சமயத்தில், இந்தியாவிலேயே விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று வாதாடி, 1940இல் அதற்கென்று ஒரு போர்டு அமையச் செய்தார். அதன் தலைவராக அவரே இருந்தார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் டைரக்டர். இதுவே 1942இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலாக வளர்ந்தது. நாட்டின் பல நகரங்களில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வித்து அது.

கண்டனம்

1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. காந்திஜியும் நேருவும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டில் ராமசாமி முதலியார் பிரிட்டிஷ் யுத்த மந்திரி சபையில் இந்தியாவின் பிரதிநிதியாக லண்டனுக்குச் சென்றார். 1943 பிப்ரவரியில் காந்திஜி காவலில் இருந்தபடியே உண்ணாவிரதம் மேற்கொண்டபோது, வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து மூன்று இந்திய உறுப்பினர்கள் ராஜினாமா செய்தனர். முதலியார் ராஜினாமா செய்யவில்லை. தேசபக்தர்கள் இதை மன்னிக்கவில்லை.

1945 ஏப்ரலில் அமெரிக்காவின் சான்பிரான்ஸிஸ்கோ நகரில் 50 நாடுகளின் மகாநாடு கூடியது. இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைவர் முதலியார். இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல, பிரிட்டிஷாரின் நியமனம் என்று அமெரிக்காவிலேயே விஜயலட்சுமி பண்டிட் பிரசாரம் செய்தார். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. குழுவை அனுப்பியது வெள்ளைக்கார சர்க்கார்தான்.

ஆனால் மகாநாட்டில் அவர் செய்த வேலையைத் தனியே பார்க்க வேண்டும். பொருளாதார, சமூக விஷயங்களை ஆராய்ந்த கமிட்டிக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வல்லரசுகள் முதலில் வகுத்த திட்டத்தில் பொருளாதார, சமூக சபைக்கு இரண்டாந்தர இடமே இருந்தது. யுத்தத்தைத் தடுக்கப் பாதுகாப்புச் சபை ஒன்றே போதும் என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. பசியும், வேலையில்லாத் திண்டாட்டமும், நோயும் நீங்காமல் சமாதானம் நிலைக்காது என்பது சிறிய நாடுகளின் வாதம். பல தரப்பினரும் ஒப்பும் வாசகங்களைத் தேடிக் கண்டு கமிட்டி வேலையை முடித்தது. அந்தச் சபை ஐ.நா.வின் முக்கிய அங்கங்களில் ஒன்றாக உயர்ந்தது. எல்லோருக்கும் வேலை, உயர்ந்த வாழ்க்கைத் தரம், இனம், பால், மொழி, மதம் என்ற வேற்றுமை பாராத மனித உரிமை ஆகிய லட்சியங்கள் சாசனத்தின் 55ஆவது ஷரத்தில் இடம் பெற்றன. ஜூன் 26ஆம் தேதி இந்தியாவின் சார்பில் முதலியார் சாசனத்தில் கையெழுத்திட்டார்.

அண்ணன் அமைத்த மேடை

1946 ஜனவரியில் லண்டனில் பொருளாதார, சமூக சபையின் முதல் கூட்டம் நடந்தது. 18 நாடுகள் அங்கம் வகித்த அந்தச் சபை ராமசாமி முதலியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது இந்தியா இன்னும் சுதந்திரம் அடையவில்லை. அந்த முதல் கூட்டத் தொடரிலேயே இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. மனித உரிமைக் கமிஷன் ஏற்படுத்தப்பட்டது. உலக நாடுகள் அனைத்தும் கூடும் சுகாதார மகாநாடு ஒன்றைக் கூட்டத் தீர்மானிக்கப்பட்டது. அந்த மகாநாடு அதே ஆண்டில் நியூயார்க்கில் கூடி உலக சுகாதார ஸ்தாபனத்துக்குச் சட்டதிட்டம் வகுத்தது. 1948 ஏப்ரல் 7ஆம் தேதி ஸ்தாபனம் நடைமுறைக்கு வந்தது.

அண்ணன் தலைமையிலான சபை வித்திட்ட அந்த ஸ்தாபனத்தில் தம்பி பெரும் பொறுப்பு ஏற்றார். பிரசவ வைத்தியத்தில் நிபுணரும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்தியப் பிரின்சிபாலுமான டாக்டர் லட்சுமணசாமி முதலியார், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாக போர்டுக்குத் தலைவராக இருந்தார். 1961இல் புதுடில்லியில் கூடிய உலக சுகாதார மகாசபைக்கும் அவரே தலைவர். கர்நூல் பள்ளியில் ஒன்றாகப் படித்த சகோதரர்கள், ஒருவர் சட்டத்தின் வழியாகவும் மற்றவர் வைத்தியத்தின் வழியாகவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மைசூரும் ஹைதராபாத்தும்

1946இல் முதலியார் மைசூர் சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்றார். சுதந்திரம் வந்த மறுமாதமே, மக்களுக்குப் பொறுப்புள்ள ஆட்சி வேண்டும் என்று அங்கே பெரும் போராட்டம் மூண்டது. சிறைகள் நிரம்பின. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பறிபோயின. திவான் என்ற முறையில் அந்தப் பழி அவரையும் சேர்ந்தது. கடைசியில் 1947 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டு, கே.சி. ரெட்டி தலைமையில் ஜனங்களின் மந்திரி சபை பதவியேற்றது. மைசூரின் கடைசி திவான் முதலியார்தான்.

இத்தனைக்கும் பிறகு சுதந்திர இந்தியாவின் சர்க்கார் அவரை ஒதுக்கி வைத்ததா? இல்லை. 1948 ஆகஸ்டில் நிஜாம் சர்க்கார் இந்தியாவின் மீது ஐ.நா. பாதுகாப்புச் சபையில் புகார் செய்தது. செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படைகள் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தன. 16ஆம் தேதி பாரிஸ் நகரில் பாதுகாப்புச் சபை கூடியது. உலகத்தின் முன் இந்தியாவின் வழக்கை எடுத்துரைக்க நேரு சர்க்கார் தேர்ந்தெடுத்தது, தங்களைச் சிறையில் அடைத்த வைஸ்ராயின் சபையில் அங்கம் வகித்த அதே ராமசாமி முதலியாரைத்தான்.

அவர் பிறந்த கர்நூலில், துங்கபத்திரையின் இக்கரை சென்னை ராஜதானி, அக்கரை நிஜாம் சீமை. சிறு வயதில் கண்ணால் கண்ட அக்கரையின் எதிர்காலத்துக்காக, அறுபதாவது வயதில் அவர் பாரிஸில் வாதாடினார். ஹைதராபாத் தனி நாடு அல்ல, ஆகையால் பாதுகாப்புச் சபைக்குப் புகார் கொண்டுவர அதற்கு உரிமையில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஹைதராபாத் படைகள் சரணடைந்த பின் நிஜாமே புகாரைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட்டார்.

ஓய்வில்லாத முதுமை

பின்னர் அவர் கல்வித் துறையிலும் தொழில் துறையிலும் உழைத்தார். திருவாங்கூர் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார். அதே காலத்தில் தம்பி சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தர். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் தம்பி அப்பதவியில் இருந்தது ஒரு சாதனை. 1955இல் தொழில்களுக்குக் கடன் வழங்க ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ராமசாமி முதலியார்.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். உயர்நிலைக் கல்வியைப் பற்றி 1953இல் அறிக்கை தந்த முதலியார் கமிஷனுக்குத் தலைவர் தம்பி லட்சுமணசாமிதான், அண்ணன் அல்ல. உருவத்திலும் பெயரிலும் ஒத்திருந்த இவர்களின் பணிகளை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு.

குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் அதே வழியில் சென்றது. ராமசாமி முதலியாரின் மகன் டாக்டர் கிருஷ்ணசாமி பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்தார். மத உரிமைகளில் காட்டப்படும் பாரபட்சத்தைப் பற்றி ஐ.நா.வுக்காக அவர் தயாரித்த ஆய்வு 1960இல் வெளியாயிற்று. தந்தையின் தலைமையில் ஏற்பட்ட மனித உரிமைக் கமிஷனின் கிளைக் குழுவுக்காக மகன் செய்த வேலை அது.

1963இல் தம்பிக்கும் 1970இல் அண்ணனுக்கும் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1974 ஏப்ரலில் லட்சுமணசாமி காலமானார். எண்பத்தாறு ஆண்டுகள் கூட இருந்த துணை போன பிறகு, அண்ணன் இரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். 1976ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் தேதி அவரும் மறைந்தார். 57 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் டாக்டர் நாயர் உயிர் நீத்ததும் இதே தேதிதான்.

அவருடைய அரசியலை ஏற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. சிறை சென்ற தியாகிகளின் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆனால் எதிர்த் தரப்பாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, இருவரும் ஒப்பக்கூடிய ஒரு முடிவு கிடைக்கும் வரை எழுந்திருக்காத பொறுமை அவரிடம் இருந்தது. அந்தப் பொறுமை நாட்டுக்குத் தேவை என்று அவரை எதிர்த்தவர்களே உணர்ந்து அழைத்தார்கள். தெலுங்குச் சீமையில் ஒரு தமிழ் வீட்டில் பிறந்து, முனிசிபல் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகள் இந்த நிலைக்கு வந்தார்கள் என்பதை, பிழைப்புக்காக ஆந்திர நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.