மங்கம்மாளின் இடக்கை

கிள்ளானில் பாட்டி வீட்டில் இடக்கையால் வெற்றிலையைத் தொட்டால் எனக்குத் திட்டு விழும். கூடவே ஒரு கதையும் வரும். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் ஒருநாள் மறதியாக இடக்கையால் தாம்பூலம் போட்டுக்கொண்டாராம். அந்தக் குற்றம் தீரவே சாலையும் சத்திரமும் அமைத்தாராம்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அவர் வரலாற்றைப் படித்தேன். 1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் மறைந்தார். 1689இல் மகன் முத்துவீரப்ப நாயக்கரைப் பெரியம்மை கொண்டுபோனது. மருமகளும் பிள்ளை பெற்றபின் உயிரோடு இல்லை. எஞ்சியது கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதன். தொட்டில் குழந்தைக்கு முடிசூட்டிவிட்டு, திருச்சிராப்பள்ளியிலிருந்து பாட்டியே நாட்டை ஆண்டார். ஔரங்கசீப்பின் படை தெற்கே வந்தபோது வீம்பு பார்க்காமல் கப்பம் கட்டினார். இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. படைபலத்தை அறிந்து எடுத்த முடிவாகவே எனக்குப் படுகிறது. திருவிதாங்கூர் தமக்குக் கப்பம் தர மறுத்தபோது அவர் படை அனுப்பத் தயங்கவில்லையே!

மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழைய சாலைக்கு இன்றும் அவர் பெயர் உண்டு. மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவருடைய சத்திரம் இருக்கிறது. கடாரம் வென்ற இராஜேந்திர சோழன் ஏரி வெட்டினான்; அதற்கு வெற்றிலைக் குற்றம் தேடியவர் யாருமில்லை. மங்கம்மாளுக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது?

பேரன் வளர்ந்ததும் அவரைச் சிறையில் அடைத்து, எட்டாத தூரத்தில் உணவை வைத்துப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. இந்தப் பகுதியை மட்டும் பாட்டி எனக்குச் சொன்னதே இல்லை.