பிறந்த வருஷக் காசைத் தேடியவர்

1867-ம் வருஷம் ஏப்ரல் 13-ந்தேதி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மார்க்கெட் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. வீட்டுக்காரர் பியானோ செய்பவர். பழுதான பிடில்களைச் சரிசெய்து கொடுப்பவர். அவருக்கு வயது 68.

திருடர்கள் கொண்டுபோனது காசு. ஆனால் கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிற காசு அல்ல. பல நாடுகளின் பழைய நாணயங்கள். ஐம்பது வருஷமாக ஒன்றொன்றாகச் சேர்த்தவை. அவற்றின் மதிப்பு சுமார் 16,000 டாலர் என்று அப்பொழுதே கணக்கிட்டார்கள். அந்த நாளில் ஒரு கூலியாள் பகலெல்லாம் உழைத்தாலும் இரண்டு டாலர் பார்ப்பது கஷ்டம்.

வீட்டுக்காரரின் பெயர் ஜோசப் ஜேக்கப் மிக்லி. அமெரிக்காவில் நாணயம் சேகரிப்போர் இன்றும் அவரைத் தங்கள் குலத்தின் மூத்தவராகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப கால வெள்ளி நாணயங்களில் சில, தேயாமல் அழியாமல் இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் அதற்கு அவரும் ஒரு காரணம்.

ஒரு செண்டில் தொடங்கியது

மிக்லி 1799-ம் வருஷம் மார்ச் 24-ந்தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் லீஹை பள்ளத்தாக்கில் பிறந்தார். மதக் கொடுமைக்குப் பயந்து பிரான்சை விட்டு வெளியேறிய புராட்டஸ்டண்டு வம்சம் அது. சுதந்திரப் போரின்போது, 1777-ல், பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்கிற்று. நகரத்தின் பெரிய மணியை எடுத்து உருக்கிப் பீரங்கிக் குண்டாக்கி விடுவார்களோ என்று பயந்து, அதை வண்டியில் ஏற்றி அல்லன்டவுனுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். இன்று சுதந்திர மணி என்று உலகமெல்லாம் அறிந்த மணி அதுதான். வண்டியோட்டியவர் ஜான் ஜேக்கப் மிக்லி, இதே குடும்பத்தைச் சேர்ந்தவர். போற்ற வேண்டிய பொருளைப் பத்திரப்படுத்துவது அந்த வீட்டில் பழகிப்போன காரியம் போலும்!

வாலிபப் பருவத்தில் ஜோசப் பிலடெல்பியாவுக்கு வந்து பியானோ செய்யும் தொழிலைக் கற்றார். 1822-ல் சொந்தக் கடை வைத்தார். நல்ல கைத்திறமை. 1831-ல் அவர் செய்த பியானோவுக்குப் பிராங்க்ளின் கழகம் பரிசளித்தது. ஓலே புல் என்னும் நார்வே நாட்டுப் பிடில் மேதை அவருக்கு நண்பர்.

நாணயப் பித்து அவருக்குப் பிடித்தது பதினேழு வயதில். காரணம் மிகவும் சாதாரணம். தாம் பிறந்த 1799-ம் வருஷம் பொறித்த செம்புச் செண்டு ஒன்று தம்மிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் காலத்துச் செண்டு நம் பழைய வெள்ளி ரூபாய் அளவுக்குப் பெரிது. ஊரெல்லாம் புழங்கிய காசு. கடையில் சில்லறையைக் கொட்டித் தேடினால் கிடைத்துவிடாதா?

கிடைக்கவில்லை. 1798 கிடைத்தது, 1800 கிடைத்தது. 1799 மாத்திரம் அகப்படவில்லை. நாணயச் சாலையின் கணக்குப்படி அந்த வருஷத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் செண்டுகள் அடித்திருக்கிறார்கள். பின்னே எங்கே போயின?

கணக்கும் காசும்

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த நாளில் உருக்கு அச்சு செய்வது பெரிய பாடு. ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல அச்சைத் தூக்கி எறிய மாட்டார்கள். அது உடையும் வரை, தேயும் வரை அடிப்பார்கள். ஆகவே 1799-ல் அடித்த காசுகளில் பெரும் பகுதி 1798 என்ற எழுத்தோடு வெளிவந்தது. கணக்குப் புத்தகம் ஒன்று சொல்லும். காசு வேறொன்று சொல்லும். எந்த வருஷத்துக் காசு உண்மையிலேயே அரிது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து அறிய முடியாது. காசையே தேடிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஒரு செண்டுக்கு அலைந்த வாலிபர் இப்படித்தான் வெள்ளிக்கும் வந்து சேர்ந்தார்.

வெள்ளி நாணயத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1792-ல் சட்டம் செய்து பிலடெல்பியாவில் நாணயச் சாலை நிறுவினார்கள். முதல் வெள்ளி டாலர்கள் 1794 அக்டோபரில் வெளிவந்தன. மொத்தம் 1,758 தான். அவற்றை அடித்த எந்திரம் அத்தனை பெரிய நாணயத்துக்கு ஏற்ற சக்தி இல்லாதது. அதனால் அநேக டாலர்களில் ஒரு பக்கத்து நட்சத்திரங்களும் எழுத்துக்களும் மங்கலாக விழுந்தன. எடை கூடிய வில்லைகளை அரத்தால் ராவிக் குறைத்தார்கள். அந்தக் கீறல்கள் அச்சடித்த பிறகும் மறையவில்லை. இன்று சேகரிப்போர் அந்த அரக்கீறலைக் குற்றமாக நினைப்பதில்லை. அது பிறவி மச்சம் மாதிரி.

அடித்த டாலர்களாவது நாட்டில் தங்கினவா என்றால் அதுவும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அமெரிக்க டாலரும் ஸ்பானிஷ் டாலரும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். ஸ்பானிஷ் டாலரிலோ வெள்ளி சற்று அதிகம். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அமெரிக்க டாலரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கனமான ஸ்பானிஷ் டாலராக மாற்றிக்கொண்டு வந்தார்கள். நாணயச் சாலை இலவசமாகவே புதுக்காசு அடித்துத் தரும். மீந்த வெள்ளி லாபம்! 1804-க்குப் பிறகு டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். 1836 வரை புது டாலர் புழக்கத்துக்கு வரவில்லை.

வெளியே போனவை உருகின. உள்ளே இருந்தவை கைக்குக் கை மாறித் தேய்ந்தன. சுதந்திர தேவியின் கூந்தல் முதலில் மழுங்கும், பிறகு கன்னம், பின்பக்கத்தில் கழுகின் மார்பு. இருபது முப்பது வருஷம் சட்டைப்பையில் கிடந்த காசில் முகமே இராது. நாணயச் சாலையை விட்டு வந்த அன்றைய பளபளப்போடு ஒரு 1795 டாலரோ 1796 கால் டாலரோ மிஞ்ச வேண்டுமானால், யாராவது ஒருவர் அதைச் செலவழிக்காமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த நாளில் அப்படி எடுத்து வைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நாலு கால் டாலர்

மிக்லிக்கு ஒரு அதிர்ஷ்டம். நாணயச் சாலை அவர் இருந்த ஊரிலேயே இருந்தது. அங்குள்ளவர்கள் அவருக்குப் பழக்கம். 1827-ல் அவர் அங்கே போய், அந்த வருஷத்துக் கால் டாலர் நாணயத்தில் புத்தம் புதிதாக நாலு வாங்கிக்கொண்டார் என்றும், அதற்குக் கொடுத்தது வெறும் ஒரு டாலர் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். நாலு கால் டாலருக்கு ஒரு டாலர், சரியான விலைதானே!

ஆனால் நடந்தது என்ன? 1827-ல் 4,000 கால் டாலர்கள் அடித்ததாகக் கணக்கு இருக்கிறது. அவை பழைய அச்சில், முந்திய வருஷ எழுத்தோடு வந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். 1827 என்று பொறித்து அந்த வருஷமே அடித்த கால் டாலர்கள் இன்று உலகத்தில் பத்துக்கு மேல் தெரியவில்லை. அமெரிக்க வெள்ளி நாணயங்களில் மிகவும் அரியவற்றில் அதுவும் ஒன்று.

1804 என்று பொறித்த டாலரும் அவரிடம் இருந்தது. அந்த டாலரின் கதை தனிக்கதை. 1804-ல் 19,570 டாலர் அடித்ததாகக் கணக்கு. எல்லாம் பழைய எழுத்தோடு வந்தவை. முப்பது வருஷம் கழித்து, சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அமெரிக்க சர்க்கார் நாணயப் பெட்டிகளைப் பரிசளிக்க விரும்பியது. கடைசியாக டாலர் அடித்த வருஷம் எது என்று நாணயச் சாலைக்காரர்கள் கணக்கைப் பார்த்தார்கள். 1804 என்று இருந்தது. உடனே 1804 என்று அச்சு வெட்டிச் சில டாலர்களை அடித்தார்கள். ஆக, 1804 டாலர் ஒன்றுகூட 1804-ல் பிறந்ததல்ல! இந்த முதல் வகையில் எட்டு டாலர்களே தெரிகின்றன. பின்னால் திருட்டுத்தனமாக அடித்தவற்றையும் சேர்த்தால் பதினைந்து. மிக்லியிடம் இருந்தது முதல் வகை. ஒரு பாங்கிக் குமாஸ்தாவின் கண்ணில் பட்டு, 1850-ஐ ஒட்டி அவர் கைக்கு வந்தது. அது உண்மையில் எப்பொழுது பிறந்தது என்ற ரகசியம் அவர் காலத்தில் வெளியாகவில்லை.

1857-ல் பெரிய செம்புச் செண்டை நிறுத்திவிட்டுச் சிறிய செண்டை வெளியிட்டார்கள். மறைகிற பொருளின்மேல் மனிதனுக்கு வரும் ஆசை தெரிந்ததுதானே! நாடெங்கும் பழங்காசுப் பித்து பரவிற்று. மறு வருஷம் பிலடெல்பியாவில் நாணயச் சங்கம் தோன்றியது. மிக்லியே முதல் தலைவர். அதே 1858-ல், அமெரிக்க நாணயங்கள் எந்தெந்த வருஷங்களில் உண்டு, எது எவ்வளவு அரிது என்று ஒரு சிறு வெளியீட்டையும் அச்சிட்டார். சில பக்கங்கள்தான். ஆனால் நாற்பது வருஷம் கண்ணால் பார்த்துச் சேர்த்த கணக்கு அது.

திருட்டுக்குப் பிறகு

1867 திருட்டில் போனவை பெரும்பாலும் அயல்நாட்டு நாணயங்கள். அவருடைய அமெரிக்க நாணயங்கள் தப்பின. 1804 டாலரும் தப்பியது. மற்றவராயிருந்தால் இரும்புப் பெட்டி வாங்கியிருப்பார். மிக்லி அப்படிச் செய்யவில்லை. தப்பியவற்றை அந்த வருஷமே விற்றுவிட்டார். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் மருந்துக்கடை வைத்திருந்த எலியட் உட்வர்ட் என்பவர் மொத்தமாக வாங்கி, அக்டோபர் 28-ந்தேதி முதல் நியூயார்க்கில் பல நாட்கள் ஏலம் விட்டார். 13,000 டாலருக்கு மேல் வந்தது. 1804 டாலர் மட்டும் 750 டாலருக்குப் போயிற்று. அதைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. ஒரு டாலருக்கு 750 டாலரா!

அதன் பிறகு மிக்லி செய்தது வேடிக்கையானது. எழுபது வயதில், 1869-ல், கப்பலேறிவிட்டார். மூன்று வருஷம் ஸ்வீடன், ருஷ்யா, துருக்கி, எகிப்து என்று சுற்றினார். போன இடங்களில் நாணயச் சாலைகளையும் நாணயக் காட்சிகளையும் பார்த்தார். சேர்ப்பதை விட்டவர் பார்ப்பதை விடவில்லை. 1872-ல் ஊர் திரும்பி, பழைய ஸ்வீடிஷ் குடியேற்றங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1878 பிப்ரவரி 15-ந்தேதி காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே வருஷம் அவருடைய பொருள்களை ஏலத்துக்குப் பட்டியல் போட்டபோது, நாணயச் சாலையின் பழைய அச்சுகள் சில அதில் இருந்தன. ஆரம்ப நாட்களில் உபயோகமற்ற அச்சுகளைப் பழைய இரும்பாக விற்றுவிடுவது வழக்கம். அவை துருப்பிடித்தவை, உடைந்தவை. என்றாலும் சர்க்கார் விடவில்லை. ஏலத்துக்கு முன்பே பறிமுதல் செய்துவிட்டது. ஏனென்றால் அப்படிப்பட்ட பழைய அச்சுகளைக் கொண்டு 1804, 1823 செம்புச் செண்டுகளையும் 1811 அரைச் செண்டுகளையும் யாரோ பின்னாளில் அடித்து வெளியிட்டிருந்தார்கள். அதில் மிக்லியின் பெயரும் அடிபடுகிறது. அவர்தான் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவரை அறிந்தவர்கள் நேர்மையானவர் என்றே சொன்னார்கள். ஆயினும் அச்சு அவர் வீட்டில் இருந்தது என்பதை மறைக்க முடியாது. காசைக் காப்பாற்றியவரின் வாழ்க்கையில் அது ஒரு கறையாகவே நின்றுவிட்டது.

நாணயத்தின் தேய்மானத்தை அளக்க இன்று எண்களே வந்துவிட்டன. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் செம்புச் செண்டுகளுக்காக வகுத்த அளவுகோல் அது. தேய்ந்து தேய்ந்து உருவே தெரியாததற்கு 1. குறையே இல்லாததற்கு 70. 60-க்கு மேல் என்றால் புழக்கத்தில் தேயாதது. வெள்ளிக்கும் அதுவே அளவு. கறுத்துப் போயிற்றே என்று பழைய வெள்ளிக் காசைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டால் அதன் மதிப்பு போச்சு. அந்தக் கறுப்பும் நீலமும் கலந்த பூச்சுக்குத்தான் விலை. 66 எண் பெற்ற ஒரு 1794 டாலர் 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போயிற்று.

மிக்லியின் 1804 டாலர் பல கை மாறி, மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் வெகுகாலம் இருந்தது. 1970-ல் வெளியே வந்தது. 2008 ஏப்ரலில் மறுபடியும் ஏலத்துக்கு வந்து 37 லட்சத்து 37 ஆயிரத்து 500 டாலருக்கு விற்றது. நாணயப் பட்டியல்களில் அந்த டாலருக்கு, அதை வைத்திருந்த மூன்று பேரைச் சேர்த்து மிக்லி – ஹான் – குவெல்லர் டாலர் என்று பெயர். முதல் பெயர் அந்தப் பியானோக்காரருடையது.