வெ. சாமிநாத சர்மா

வெ. சாமிநாத சர்மா (செப்டம்பர் 17, 1895 - ஜனவரி 7, 1978) தமிழ் எழுத்தாளர், இதழாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆவார். உலக வரலாறு, அரசியல், குடிமையியல் ஆகிய துறைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களைத் தமிழில் எழுதினார். இன்று பள்ளிகளில் சமூக அறிவியல் என ஒரே பாடமாகக் கற்பிக்கப்படும் துறைகளுக்கு, பாடநூலுக்கு அப்பால் ஓர் ஆசிரியர் தமிழிலேயே படித்தறியத்தக்க நூல்களை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தனியொருவராக உருவாக்கியவர் இவர்.

பிறப்பு

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், செய்யாறு (செய்யார் எனவும் எழுதப்படும்) நகரை அடுத்த வெங்களத்தூரில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்து அவ்வூரைக் குறிப்பது. 1989இல் வட ஆர்க்காடு பிரிக்கப்பட்டபோது இப்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆரணியைச் சுற்றிய பட்டு நெசவுக்காகப் பரவலாக அறியப்பட்ட இவ்வட்டாரம் இவரது ஊர் என்பது செய்யாற்றிலேயே பலருக்குத் தெரியாது என்று தோன்றுகிறது.

இதழியல் பணி

திரு. வி. க. ஆசிரியராக இருந்து 1917 டிசம்பரில் தொடங்கிய தேசபக்தன் நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். பின்னர் அவ்விதழின் ஆசிரியரான வ. வே. சு. ஐயருடனும் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. 1920இல் திரு. வி. க. நவசக்தியைத் தொடங்கியபோது அங்கும் பணியாற்றினார். தாம் நேரில் அறிந்த திரு. வி. க., வ. வே. சு. ஐயர், சுப்பிரமணிய சிவா, பாரதியார் ஆகியோரைப் பற்றிப் பிற்காலத்தில் நான் கண்ட நால்வர் என்னும் நூலை எழுதினார். தேசிய இயக்கத்தைப் பாடமாக நடத்துவோருக்கு, ஆண்டுகளும் தீர்மானங்களும் தராத மனித முகங்களை இந்நூல் தருகிறது.

அக்காலத்தில் இவர் எழுதிய பாணபுரத்து வீரன் நாடகம் ஆங்கிலேய அரசின் தடைக்கு உள்ளாயிற்று. தி. க. சண்முகம் சகோதரர்கள் 1931இல் அதனைத் தேசபக்தி என்ற பெயரில் மேடையேற்றினர்.

பர்மா வாழ்க்கை

1930களின் தொடக்கத்தில் மனைவி மங்களத்துடன் இரங்கூன் சென்றார். பர்மா இந்தியாவிலிருந்து ஆட்சி முறையில் தனியே பிரிக்கப்பட்ட 1937ஆம் ஆண்டில் அங்கிருந்து ஜோதி என்னும் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. சர்மா அதன் ஆசிரியராக இருந்து, பல புனைபெயர்களில் தாமே பெரும்பகுதியை எழுதினார். உலக நாடுகளைப் பற்றிய இவரது நூல்கள் பல வெளிவந்ததும் இக்காலத்தில்தான். ஐரோப்பாவும் மேற்காசியாவும் கொந்தளித்துக் கொண்டிருந்தபோது, அபிசீனியா, ஸ்பெயின், செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம் என ஒவ்வொரு நெருக்கடியின் பின்னணியையும் தமிழ் வாசகருக்கு அவ்வப்போதே விளக்கினார். நாளிதழில் பெயர் மட்டும் தென்படும் ஒரு நாட்டின் நிலப்பரப்பு, மக்கள், பழைய வரலாறு, அண்மைய ஒப்பந்தங்கள் ஆகியவற்றை ஒருசேர அறிய விரும்பும் ஒருவருக்கு அன்று தமிழில் வேறு வழி அரிது.

1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இடையில் இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் வடமேற்கு மலைகள் வழியே நடந்து இந்தியா வந்தனர். பசியாலும் நோயாலும் பலர் வழியிலேயே மாண்டனர். சர்மாவும் மங்களமும் அவ்வாறு நடந்து வந்தவர்களே. ஜோதி நின்றுபோனது. ஐந்தாண்டுகளாக வளர்ந்த ஒரு வாசகர் வட்டம் சில வாரங்களில் சிதறியது. இப்பயணத்தைப் பற்றி இவர் எழுதிய எனது பர்மா வழிநடைப் பயணம், இரண்டாம் உலகப்போரைத் தமிழ் மாணவருக்கு அருகில் கொண்டுவரும் நூல். போரை ஹிட்லரிலும் சர்ச்சிலிலும் தொடங்கும் வகுப்பறை, இரங்கூன் சாலையில் மூட்டையுடன் நடந்த தமிழ்க் குடும்பங்களிலும் தொடங்கலாம்.

நூல்கள்

சென்னை திரும்பிய பின் எழுத்தே தொழிலாயிற்று. கிரீஸ் வாழ்ந்த வரலாறு, சீனாவின் வரலாறு, ருஷ்யாவின் வரலாறு, புராதன இந்தியாவின் அரசியல் ஆகியவை இவரது வரலாற்று நூல்களில் குறிப்பிடத்தக்கவை. பிளேட்டோவின் உரையாடல் நூலைப் பிளேட்டோவின் அரசியல் என்றும், ரூசோவின் நூலைச் சமுதாய ஒப்பந்தம் என்றும் மொழிபெயர்த்தார். கார்ல் மார்க்சின் வாழ்க்கையைத் தமிழில் விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். பிரஜைகளின் உரிமைகளும் கடமைகளும், பார்லிமெண்ட் போன்றவை குடிமையியல் கற்பிப்பவருக்கு நேரடியாகப் பயன்படுபவை.

இந்நூல்களின் இடத்தை விளங்கிக்கொள்ளக் கல்வி வரலாற்றையும் சிறிது நோக்க வேண்டும். சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி 1930களின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. கலைக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பட்டப்படிப்புச் சோதனை 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது 1970இல். ஆகவே பாடம் தமிழுக்கு மாறிய பின்னரும், அதனைக் கற்பிப்பவர் மேற்கொண்டு படிக்க ஆங்கில நூல்களையே நாட வேண்டியிருந்தது. ஆங்கிலம் எளிதில் வசப்படாத ஆசிரியருக்குப் பாடநூலே எல்லையாகியது. அந்த எல்லையை நிறுவனம் எதுவும் பின்னில்லாமல் சர்மா விரிவாக்கினார்.

இவரது நடை சிறு வாக்கியங்களால் ஆனது, தெளிவானது. வடசொற்கள் மிகுதி. பிரஜை, ராஜ்யம் போன்ற சொற்களுக்கு மாற்றாக இன்றைய பாடநூல்கள் குடிமகன், அரசு என்று எழுதுகின்றன. இது குறையன்று. ஒரு கருத்துக்கான தமிழ்ச்சொல் முப்பது ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு நூலையும் அது வெளிவந்த ஆண்டை மனத்தில் கொண்டே படிக்க வேண்டும். பாலஸ்தீனம் வெளிவந்தது 1939இல். அந்நாடு அப்போது பிரித்தானியப் பொறுப்பாட்சியில் இருந்தது, இசுரேல் 1948இல்தான் உருவானது. முசோலினி, ஹிட்லர் ஆகியோர் பற்றிய நூல்களும் அவ்வாறே. இவற்றைத் தகவலுக்கான நூல்களாக மட்டும் பயன்படுத்துவதைவிட, அக்காலத் தமிழர் ஒருவர் உலகை எவ்வாறு நோக்கினார் என்பதற்கான சான்றுகளாக மாணவர் கையில் கொடுத்து, இன்றைய பாடநூலுடன் ஒப்பிடச் செய்வது மிகுந்த பயன் தரும்.

இறுதிக் காலம்

மங்களம் 1956இல் காலமானார். அவரது இழப்பைப் பற்றிய அவள் பிரிவு, அரசியல் நூல்களுக்கிடையே தனித்து நிற்பது. அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த சர்மா, 1978 ஜனவரி 7 அன்று மறைந்தார். தமிழ்நாடு அரசு இவரது நூல்களை நாட்டுடைமையாக்கியுள்ளது. ஆதலால் ஆசிரியர்கள் இவற்றிலிருந்து பகுதிகளை எடுத்து வகுப்புக்கெனப் படியெடுத்து வழங்கவும், இணையத்தில் வெளியிடவும் தடையில்லை.