டிகிரி இல்லாதவர் எழுதிய பறவைப் புத்தகம்: யார் இந்த சாலிம் அலி?

அம்பத்தூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம்... வீக் எண்டில் பைனாகுலரோடு கிளம்புகிறவர்கள் இங்கெல்லாம் இப்போது அதிகம். கூடவே வரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, 'அது என்ன பறவை?' இந்தக் கேள்விக்குச் சாதாரண மக்களும் பதில் தேடிக்கொள்ள ஒரு புத்தகம் போட்டவர்தான் சாலிம் அலி.

ஒரு குருவியில் தொடங்கியது

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார். மூன்று வயதுக்குள் அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட, தாய்மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு பையனைத் துரத்தவில்லை. பதப்படுத்திய பறவைகளைக் காட்டி, படிக்கப் புத்தகமும் கொடுத்தார். வாழ்க்கையே அங்கே திரும்பியது.

வேலை போச்சு, ஆராய்ச்சி வந்துச்சு

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. 1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் வேலை. விடுப்பு போட்டு ஜெர்மனி போய், ஸ்ட்ரெஸ்மான் என்ற பறவையியல் அறிஞரிடம் படித்தார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

கையில் வேலை இல்லை. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கினார். பக்கத்திலேயே தூக்கணாங்குருவிக் கூடுகள். மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும்; பிடித்தால் மட்டுமே குடியேறும். அதன்பிறகே ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். முடித்த கையோடு, இன்னொரு துணைக்காக அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

எல்லோருக்கும் ஒரு புத்தகம்

1939-ல் தெஹ்மினா இறந்துபோனார். அந்த இழப்புக்கு இரண்டு வருஷம் கழித்து, 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புத்தகம் வந்தது. வண்ணப் படங்கள், எளிய விவரிப்பு. பறவையின் அளவைச் சொல்ல சென்டிமீட்டர் கணக்கு மட்டும் போதாது இல்லையா? சிட்டுக்குருவியைவிடச் சின்னது, மைனாவைவிடப் பெரிசு என்று, எல்லோருக்கும் தெரிந்த பறவையை அளவுகோலாக வைத்தார். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

1967-ல் லயீக் ஃபதேஹலியோடு சேர்ந்து எழுதிய சாதாரணப் பறவைகள் பற்றிய புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அமெரிக்கப் பறவையியலாளர் டில்லான் ரிப்ளேவோடு எழுதிய 10 தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வந்தது. அது ஆய்வாளர்களுக்கு.

பார்த்தால் போதாது, காப்பாத்தணும்

பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்காகவும், கேரளத்தின் சைலன்ட் வேலி காட்டுக்காகவும் குரல் கொடுத்தார். 1976-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. சர்வதேச கெட்டி விருதில் வந்த பணத்தை இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே கொடுத்தார். 1985-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ல் 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

அவர் பிறந்தநாளான நவம்பர் 12, தேசியப் பறவை நோக்கல் தினம். அன்றைக்குப் பிள்ளைகளோடு ஏரிக்குப் போனால், பெயர் தெரியாத பறவையைப் பார்த்ததும் உடனே ஆப்பைத் திறக்க வேண்டாம். மைனாவைவிடப் பெரிசா, சின்னதா? முதலில் அதைக் கேளுங்கள். மீதியை அவங்களே கவனிச்சுச் சொல்லுவாங்க.