கேரக்டர் பயந்தால் பகடை உருட்டணுமா? 'பேனிக்' விதிகளுக்குப் பின்னால் இருக்கும் லவ்கிராஃப்ட் யார்?

சனிக்கிழமை இரவு. மேசையைச் சுற்றி ஐந்து பேர். பாழுங்கிணற்றுக்குள் ஏதோ அசைகிறது என்கிறார் கதை நடத்துபவர். எல்லோரும் பகடை உருட்டுகிறார்கள். ஒருவருக்கு எண் சரியாக விழவில்லை. அவருடைய கேரக்டர் வாளைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆனால் விளையாடுபவருக்கு ஓட மனசில்லை. என் கேரக்டர் பயப்படுமான்னு பகடை எப்படி முடிவு பண்ணலாம் என்று சண்டை ஆரம்பிக்கிறது.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடும் பலருக்கும் இது தெரிந்த சண்டைதான். அதனாலேயே பல குழுக்கள் கேரக்டரின் பீதிக்கென்று சொந்தமாக 'ஹவுஸ் ரூல்' வைத்துக்கொள்கின்றன. அந்த விதிகளின் வேரைத் தேடிப் போனால், 1937-லேயே இறந்துபோன ஓர் அமெரிக்க எழுத்தாளரிடம் போய் நிற்போம். இப்படி ஒரு விளையாட்டு வரும் என்றே அவருக்குத் தெரியாது.

யார் இவர்?

ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட், 1890 ஆகஸ்ட் 20 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி. 1893-ல் அவர் மனநலம் பாதிக்கப்பட்டு பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1898-ல் அங்கேயே இறந்தார்.

பாட்டி இறந்தபோது லவ்கிராஃப்டுக்கு ஐந்து வயது. அதன் பிறகு, முகமே இல்லாத சிறகு முளைத்த கறுப்பு உருவங்கள் கனவில் வரத் தொடங்கின. 1904-ல் தாத்தாவும் போனார், பிறந்து வளர்ந்த வீடும் கையை விட்டுப் போனது. 1908-ல் மனம் உடைந்து பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். பிறகு சில ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். 1919-ல் அம்மாவும் அதே பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1921-ல் இறந்தார்.

கதைகளில் என்ன புதுசு?

பழைய பேய்க்கதைகள் பலவற்றில் பேய்க்கு ஒரு காரணம் இருக்கும், விரட்ட ஒரு வழியும் இருக்கும். லவ்கிராஃப்ட் உலகில் இரண்டுமே இல்லை. பிரபஞ்சத்துக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. ரகசியத்தைத் தோண்டிக் கண்டுபிடிக்கும் நாயகனுக்குக் கிடைப்பது வெற்றி இல்லை, புத்திப் பேதலிப்பு. தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, அவன் இழந்துகொண்டே போவான்.

1926-ல் எழுதிய 'தி கால் ஆஃப் கதுலு' இந்த வகைக் கதைதான். 1928 பிப்ரவரியில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. ஆனால் எழுத்து சோறு போடவில்லை. அடுத்தவர் எழுத்தைத் திருத்திக் கொடுத்துத்தான் பிழைத்தார். 1937 மார்ச் 15 அன்று குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 46.

பகடைக்குள் பயம் எப்படி வந்தது?

1974-ல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. போர் விளையாட்டில் படையின் மன உறுதி குலைந்தால் படை ஓடும். அந்த விதி இங்கே பெரும்பாலும் எதிரிகளுக்குத்தான் பொருந்தியது. நாயகர்கள் ஓடுவதா நிற்பதா என்பதை விளையாடுபவர்களே முடிவு செய்தார்கள்.

1981-ல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டு இதை மாற்றியது. அதில் ஒவ்வொரு கேரக்டருக்கும் 'சானிட்டி' என்று ஒரு எண் உண்டு. கொடூரமான எதையாவது பார்த்தால் 1 முதல் 100 வரை பகடை உருட்ட வேண்டும். தோற்றால் அந்த எண் குறையும். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் கேரக்டர் தற்காலிகமாக நிதானம் இழக்கலாம். மர்மங்களைப் பற்றிய அறிவு கூடக்கூட, சானிட்டியின் உச்சவரம்பே இறங்கும். லவ்கிராஃப்டின் கதையை அப்படியே கணக்காக மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பயத்துக்கு இன்னொரு முகமும் உண்டா?

உண்டு. 1924-ல் யூதப் பெண்ணான சோனியா கிரீனைத் திருமணம் செய்து புரூக்ளினில் குடியேறினார். வேலை கிடைக்கவில்லை. தெருவில் பார்த்த குடியேறிகள் மீது வெறுப்பு வளர்ந்தது. யூதர்கள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் அவருக்கிருந்த இனவெறி கடிதங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது, 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' போன்ற கதைகளிலும் இருக்கிறது. 1926-ல் தனியாக பிராவிடன்ஸ் திரும்பினார். உலக ஃபேன்டசி விருதாக வழங்கப்பட்ட அவருடைய மார்பளவுச் சிலை, எதிர்ப்புகளுக்குப் பிறகு 2015-ல் கைவிடப்பட்டது.

நம் மேசைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பழைய விதிகளில், பகடை தவறினால் கேரக்டருக்கு ஏதாவது ஒரு மனநோயை ஒட்டிவிடுவார்கள். மேசையில் அது சிரிப்பாகிவிடும். பட்லர் மருத்துவமனையில் இருந்த அப்பாவும் அம்மாவும் சிரிப்புக்கான விஷயம் இல்லை. பீதி வேறு, நோய் வேறு. பீதி ஒன்றிரண்டு சுற்றுக்குள் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, பயம் வருமா என்பதைப் பகடை சொல்லட்டும். உறைந்து நிற்பதா, அலறுவதா, ஓடுவதா, கையில் இருப்பதைப் போடுவதா என்பதை விளையாடுபவர் தேர்ந்தெடுக்கட்டும். பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

மூன்றாவது, யாருக்கு எது உண்மையிலேயே தாங்காது என்பதை ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்நியர்களின் நிறத்தையும் மொழியையும் பயமுறுத்தும் பொருளாக்காதீர்கள். லவ்கிராஃப்டிடமிருந்து விட்டுவிட வேண்டியது அதைத்தான்.

கடைசியாக, பக்கத்தில் இருக்கும் கேரக்டர் தன் முறையைச் செலவழித்து, பயந்தவரின் கையைப் பிடித்தால் மறுபடி உருட்ட அனுமதி கொடுங்கள். லவ்கிராஃப்டின் நாயகர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் உடைந்தார்கள். ஆனால் அவருக்குக் கடித நண்பர்கள் ஏராளம். அவர்களில் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வான்ட்ரே இருவரும் அவர் இறந்த இரண்டே ஆண்டில், 1939-ல், 'ஆர்க்கம் ஹவுஸ்' பதிப்பகத்தையே தொடங்கி அவர் கதைகளைப் புத்தகமாக்கினார்கள். அந்தக் கதைகள் நம் மேசை வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு அவர்கள்தான் முக்கியக் காரணம்.