கைகளாற் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

கல்லூரியில் ஒருநாளேனும் பயிலாத ஒருவர் பொறியியற் கல்லூரிக்கு அதிபராய் விளங்கினார் என்றால் நம் வாலிபர்கள் வியப்படைவர். அவர்தாம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்திலே பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. விரைவிலேயே ஏடுகளை மூடிவிட்டார். ஒருநாள் வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். மாடும் குதிரையும் பூட்டாமல் ஓடும் வண்டி! இளைஞரின் மனமும் அதன் பின்னாலேயே ஓடிற்று. கோவைக்குச் சென்று உணவுச்சாலை ஒன்றிற் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதிலேறி ஊர்சுற்றவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எதற்கென ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். இதுவே அன்னார் பயின்ற பாடசாலை. கழற்றுவது எவர்க்கும் எளிது. ஓர் ஆணியும் மிஞ்சாமற் பூட்டுவதன்றோ வித்தை! உடப்புக் கரையில் வள்ளத்து எஞ்சினோடு மாரடித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

1920இல் ஒரேயொரு பஸ் வண்டியுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாய் வளர்ந்தது.

1937இல் நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் சேர்ந்து ஒரு மின்மோட்டாரை ஆக்கினர். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் அதுவே என்பர். இதன் அருமையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். மோட்டாரினுள்ளே சுழலும் பாகத்துக்கும் அதனைச் சூழ்ந்து நிற்கும் பாகத்துக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கடைசல் சிறிது பிசகினால், தண்டைத் தாங்கும் பெயாரிங் சிறிது சாய்ந்தால், இரண்டும் உரசிக் கெட்டுவிடும். இன்று கற்பிட்டித் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் மோட்டாருக்கும் இதே விதிதான். இத்தகைய நுட்பம் விரலிலும் கண்ணிலும் ஏறவேண்டும். குறிப்பேட்டில் எழுதி வராது.

1945இல் அவர் முயற்சியால் கோவையில் ஆதர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அவரே அதிபரானார். நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, பட்டறையிற் பழகுபவனுக்கு இரண்டு ஆண்டே போதும் என வாதாடினார். அரசாங்கம் இணங்கவில்லை. பதவியைத் துறந்தார்.

கணிதமும் விஞ்ஞானமும் இரண்டு ஆண்டிற் படியுமா என்பது எனக்கு ஐயமே. ஆயினும் அரத்தைக் கையிற் பிடித்தறியாமலே பட்டத்தோடு வெளிவருவோரைக் காணும்போது அவர் பக்கமே சாய்கிறேன். பெரியோர்களே, பிள்ளை தொழிற்பயிற்சிக்குப் போகிறான் என்றால் பரீட்சையிற் தவறியவன் என்று முகம் சுளிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்த முகச்சுளிப்புக்கு அஞ்சியே நல்ல கைகள் பல வேலையறியாமற் கிடக்கின்றன.

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4ஆம் திகதி காலமானார். அவர் தொடக்கிவைத்த கல்லூரி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயருடன் நடைபெறுகின்றது. அங்கே பொறியியற் பட்டத்துக்கு இன்றும் நான்கு ஆண்டுகளே.