கடலில் கற்ற பொறுமை: எர்னெஸ்ட் ஹெமிங்வே

நெய்யூரில் வாழும் நமக்குக் குளச்சல் கடல் தொலைவன்று. சந்தையில் சூரை மீனைக் கண்டு விலை கேட்கும் நம்மிற் பலர், அது கரை சேர்ந்த கதையைக் கேட்பதில்லை. அத்தகைய கதைகளுக்குச் செவிகொடுத்த ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே.

1899 ஜூலை 21 அன்று சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்த அவருக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுத் தந்தவர் மருத்துவரான தந்தையே. முதல் உலகப் போரில் இத்தாலியில் காயமுற்று மீண்ட அவர், 1921 டிசம்பரில் மனைவி ஹாட்லியுடன் பாரிசுக்குக் கப்பலேறினார். வழியில் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் பெருஞ்சூரைகள் நீரைக் கிழித்துத் துள்ளக் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மறு ஆண்டின் இறுதியில், அதுவரை எழுதியவற்றில் பெரும்பகுதி இருந்த பெட்டி, மனைவி எடுத்துவரும்போது பாரிஸ் இரயில் நிலையத்தில் களவு போயிற்று. அவர் மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

1934இல் பிலார் என்னும் படகை வாங்கினார். 1935 ஏப்ரலில் பஹாமாவின் பிமினித் தீவுக்குப் புறப்பட்டவர், வழியில் சுறா ஒன்றைச் சுடப்போய்த் தம் கால்களிலேயே குண்டுபட்டுத் திரும்பினார். காயம் ஆறியதும் மறுபடி சென்றார். அக்கடலில் நீலத்துடுப்புச் சூரை தூண்டிலில் சிக்குவது அரிதன்று. முழுதாகக் கரை சேர்வதே அரிது. நெடுநேரம் போராடிக் களைத்த மீனைச் சுறாக்கள் தின்றுவிடும். தூண்டிற்காரருக்குத் தலையும் எலும்புமே மிஞ்சும். மீன் கவ்வும்வரை பொறுமை வேண்டும், கவ்விய பின் தாமதம் கூடாது என்பதை ஹெமிங்வே அங்கே கண்டுகொண்டார். மீனை இளைப்பாற விட்டால் அதன் வலு மீளும்; சுறாவும் வந்துவிடும். ஆகவே இடைவிடாது இழுத்தார். பெருஞ்சூரையைச் சிதைவின்றிப் பிமினிக்குக் கொணர்ந்த முதல் தூண்டிற்காரர் என்னும் பெயரும் பெற்றார்.

1936இல் இதழொன்றுக்கு எழுதிய கட்டுரையில், கியூப முதியவர் ஒருவரைப் பற்றிச் சில வரிகள் எழுதினார். தனியே கடலுக்குச் சென்று பெரிய மார்லின் மீனைப் பிடித்து, அதைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்த ஏழை அவர். விளையாட்டுக்காகத் தூண்டில் வீசும் செல்வருக்கு மீனை இழந்தால் போவது பெருமை, அம்முதியவருக்கோ பிழைப்பு. இந்த வேறுபாடே கதையின் கருவாயிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அக்கரு அவருள் கிடந்தது. 1950இல் வெளிவந்த அவருடைய நாவலைத் திறனாய்வாளர் பலர் எள்ளினர். அவர் காலம் முடிந்தது என்றும் பேசினர். 1951 தொடக்கத்தில், ஹவானாவை அடுத்த தம் இல்லத்தில், முதியவரின் கதையைச் சில வாரங்களில் எழுதி முடித்தார். காத்திருந்தது நெடுங்காலம், இழுத்தது விரைவில்.

தமிழில் ‘கடலும் கிழவனும்’ என்று அறியப்பெறும் அந்நூல் 1952இல் வெளிவந்தது. 1953இல் புலிட்சர் பரிசும் 1954இல் நோபல் பரிசும் வந்தன. நோபல் பதக்கத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. கியூபாவின் எல் கோப்ரே ஆலயத்து மரியன்னைக்குக் காணிக்கையாக்கினார். கடலில் படகில் சென்ற மூவர் கண்டெடுத்த சொரூபம் அது என்பது அந்நாட்டார் நம்பிக்கை.

இறுதி ஆண்டுகளில் உடல் நலிந்தது, நினைவு தடுமாறியது, சொற்கள் வர மறுத்தன. 1961 ஜூலை 2 அன்று தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பொறுமை கற்ற அவருக்கும் அது கடைசிவரை துணைநிற்கவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

நம் வட்டம் பத்தாண்டு காணும் இவ்வேளையில், கவிஞர் ஒவ்வொருவரிடமும் முடிவுறாத கவிதை ஒன்றேனும் இருக்கும். அதற்காகக் காத்திருப்பதில் குறையில்லை. கயிறு இழுபடும் நாளில் கை சோராதிருந்தால் போதும்.